பொருத்தமின்மையை எங்கே வைப்பது?

வன்னியில் ஓர் எஞ்சினுக்கு ஒரே வேலை என்று கிடையாது. லான்ட்மாஸ்டர் என்று ஊரார் சொல்லும் இருசில்லு உழவு இயந்திரம் காலபோகத்தில் வயலைச் சேறடிக்கும். பின்னால் பெட்டியைக் கொழுவிவிட்டால் நெல்மூட்டை, மணல், விறகு எல்லாம் ஏற்றும். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகும். அதன் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் கைவிட்டுவிட்டால் வேறொரு கம்பனியின் எஞ்சினை அந்த இடத்தில் தூக்கி வைத்து ஓட்டுவது பெரிய காரியமல்ல. அதே பட்டறையில், அதே மெக்கானிக், ஒரு பழைய காருக்குள் வேறு காரின் எஞ்சினை இறக்கப் புறப்பட்டால் வாரக்கணக்கில் வேலை இழுக்கும். ஓடத் தொடங்கிய பிறகும் மூன்றாம் மாதத்தில் கியர்பொக்ஸ் உறுமும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மெக்கானிக்கின் கைத்திறனில் இல்லை. லான்ட்மாஸ்டரில் எஞ்சின் பக்கம் ஒரு கப்பி, கியர்பொக்ஸ் பக்கம் ஒரு கப்பி, நடுவே வீ வடிவ பெல்ட்டுகள். எஞ்சின் நாலைந்து போல்ட்டில் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் துளைகள் நீளவாட்டில் வெட்டப்பட்டவை. எஞ்சினை முன்னே தள்ளினால் பெல்ட் இறுகும், பின்னே தள்ளினால் தளரும். இரண்டு தண்டுகளும் ஒரே கோட்டில் நிற்கத் தேவையில்லை, இணையாக இருந்தால் போதும். அதிலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பிசகினால் பெல்ட் கெதியாகத் தேயும், அவ்வளவுதான். வேகம் ஒத்துவரவில்லையா, கப்பியை மாற்றலாம். நிமிடத்துக்கு 2,200 சுற்றில் ஓடும் எஞ்சினில் 10 சென்ரிமீற்றர் கப்பியும் மறுபக்கத்தில் 20 சென்ரிமீற்றர் கப்பியும் பூட்டினால் கியர்பொக்சுக்குப் போய்ச்சேர்வது 1,100 சுற்று. பொருத்தமின்மை முழுவதையும் ரப்பரும் துணியும் சேர்ந்த ஒரு பட்டி விழுங்கிவிடுகிறது.

இந்த இயந்திரத்தின் கதையில் இலங்கையருக்குப் பங்கு உண்டு. 1950களில் லான்ட்மாஸ்டரை உருவாக்கியதில் முன்நின்றவர் கேம்பிரிட்ஜில் படித்த இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. அதை உற்பத்தி செய்தது இங்கிலாந்தின் நொற்றிங்ஹாமில் இருந்த தொழிற்சாலை. பின்னர் குபோட்டாவும் சீன இயந்திரங்களும் வந்து வயல்களை நிறைத்தபோதும் பெயர் மட்டும் பழையதே நிலைத்துவிட்டது. சிறு விவசாயிக்கு இந்த இயந்திரமயமாக்கல் உண்மையில் நன்மை செய்ததா என்று பிற்காலத்தில் மிகக் கடுமையாகக் கேட்டவர்களில் விஜேவர்தனவே ஒருவர். தான் பெற்ற பிள்ளையைத் தானே குறுக்கு விசாரணை செய்த பொறியியலாளர்கள் அதிகம் இல்லை.

இனிக் காருக்கு வருவோம்.

பிரித்தானியாவில் 'கிற் கார்' என்றொரு மரபு உண்டு. உடல், சட்டம், எஞ்சின், கியர்பொக்ஸ் எல்லாம் தனித்தனியாக வரும்; வாங்கியவர் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்ள வேண்டும். 1957இல் வந்த லோட்டஸ் செவன் அதில் புகழ்பெற்றது. முழுக் காருக்கு இருந்த கொள்வனவு வரி உதிரிப் பொதிக்கு இல்லை என்பதே அந்த மரபு செழித்ததற்கு முக்கிய காரணம். 1973இல் வரிமுறை மாறியதும் அந்த ஆதாயம் போய்விட்டது.

வன்னியில் அப்படிப் பொதியாக எதுவும் விற்கப்படவில்லை. ஆனாலும் பல கார்களும் வான்களும் பாதிக்குப் பாதி பூட்டியெடுத்தவைதான். அதற்கு வரி காரணமில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. பற்றரி, இரும்பு, உதிரிப்பாகம் என்று தடைப்பட்டியல் நீண்டது. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறக்கும்வரை, ஓடுகிற ஒன்றை ஓடாத இன்னொன்றின் உறுப்பால்தான் பிழைக்கவைக்க முடிந்தது. 2009இல் போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உறுப்புகளுக்கு என்ன நடந்தது என்பது தெரியும். பிறகு 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரி வரை நீண்டது. பழைய காரின் விலை வானத்துக்கு ஏறியது. பழைய காரை வைத்திருந்தவர் மறுபடியும் எஞ்சின் தேடப் புறப்பட்டார்.

போர்க்கால எரிபொருள் தடையின்போது வடக்கில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். ஒஸ்ரினும் மொறிஸும் இதைத் தாங்கியதற்கு அவற்றின் முதுமையே காரணம். 1948இல் வந்த முதல் மொறிஸ் மைனரில் எரிகலவை ஏறத்தாழ ஆறரை மடங்குதான் அமுக்கப்பட்டது. புதிய எஞ்சின்களில் அது ஒன்பது, பத்து மடங்கு. மண்ணெண்ணெய் அவ்வளவு அமுக்கத்தில் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனின் தலையில் சுத்தியலடி விழும். ஃபெர்குசன் உழவு இயந்திரத்துக்கு 1949இல் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே ஒரு எஞ்சின் செய்தபோது அதன் அமுக்கத்தைக் குறைத்துத்தான் வைத்தார்கள்.

இந்தத் தட்டல் மோசமாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டு பாரத்தை இழுக்கும்போது. ஆகவே மண்ணெண்ணெயில் ஓட்டியவர் பழக்கத்தாலேயே ஒரு கியர் குறைத்து, சுற்றைக் கூட்டி ஓட்டினார். எரிபொருள் மாறியதும் கியர்பொக்சின் வேலையும் மாறிவிட்டது. எஞ்சினையும் கியர்பொக்சையும் தனித்தனிப் பண்டங்களாக நினைப்பவர் இதைத் தவறவிடுவார்.

மொறிஸ் மைனர் இந்தக் கதைக்கு வசதியான கார். பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் அது. இலங்கை வீதிகளில் இன்னும் ஓடுகிறது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் அகலமான எஞ்சின் ஒன்றை மனதில் வைத்துத்தான் முன்பகுதியை வரைந்தார். அந்த எஞ்சின் கைகூடவில்லை. கிடைத்தது ஒடுக்கமான பழைய 918 சிசி எஞ்சின். ஒடுங்கிய எஞ்சினுக்கு அகன்ற அறை. அன்று குறையாகப் போன அந்த வெற்றிடம் பின்னாளில் வேறு எஞ்சின் இறக்க வந்தவர்களுக்கெல்லாம் வரமாயிற்று. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் அந்த அறைக்குள் அடிக்கடி போய் உட்கார்ந்தது நிசான் சனி காரின் எஞ்சின். அது ஒருவகையில் தூரத்து உறவு. நிசான் 1952இல் ஒஸ்ரின் கம்பனியோடு ஒப்பந்தம் செய்து ஜப்பானில் ஒஸ்ரின் கார்களைக் கட்டித்தான் நவீன எஞ்சின் செய்யப் பழகியது. 1966இல் சனிக்காக வந்த 'ஏ' வரிசை எஞ்சின் ஒஸ்ரினின் பிரதி அல்ல, புதிதாக வரைந்தது. ஆனாலும் நீளம், அகலம், எடை எல்லாம் மைனரின் அறைக்குள் அடங்கும்.

அடங்கும் என்பதால் இணையும் என்றாகாது.

எஞ்சினின் கிராங் தண்டு ஒரு கோட்டில் சுற்றுகிறது. கியர்பொக்சின் உள்வரும் தண்டு இன்னொரு கோட்டில் சுற்றுகிறது. காரில் இந்த இரண்டு கோடுகளும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும், இணையாக இருந்தால் போதாது. கிராங்கின் பின்முனையில் ஒரு சிறு குழி, அதற்குள் எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ். கியர்பொக்ஸ் தண்டின் மூக்கு அந்தப் புஷ்ஷுக்குள் போய் நிற்கிறது. கிளச்சை மிதிக்காதபோது இரண்டும் சேர்ந்தே சுற்றும், புஷ்ஷுக்கு வேலையில்லை. மிதித்தவுடன் எஞ்சின் ஒரு வேகம், தண்டு ஒரு வேகம். அப்போது மூக்கைத் தாங்குவது புஷ் மட்டும்தான். இரண்டு கோடும் விலகக்கூடிய அளவு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். தலைமுடியின் தடிப்புக்குக் கிட்டிய கணக்கு இது.

அதற்குமேல் விலகினாலும் கார் ஓடும். அதுதான் இதில் உள்ள பொல்லாப்பு. தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மிக மெல்ல வளைந்து நிமிரும். 3,000 சுற்றில் மணிக்கு 1,80,000 வளைவு. உயரம் ஒவ்வாத சோடி மாட்டை ஒரே நுகத்தில் பூட்டினால் முதல் நாள் உழவு நடக்கத்தான் செய்யும், கழுத்துப் புண் பிறகுதான் தெரியும். இங்கே புண் வருவது கியர்பொக்சின் முன் பெயாரிங்கில். புஷ் முட்டை வடிவமாகத் தேயும், கிளச் முழுதாக விடாது, முதல் கியர் கரகரக்கும், கடைசியில் கியர் தானாகக் கழரும். உரிமையாளர் 'கியர்பொக்ஸ் பழசு' என்று சொல்லி இன்னொன்றை வாங்கிவந்து அதையும் அதே இடத்தில் பூட்டுவார்.

இங்கே போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. போல்ட் இறுக்கும், இடம் காட்டாது. 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்குத் துளை பத்தரை அல்லது பதினொரு மில்லிமீற்றர் இருக்கும், அந்த இடைவெளிக்குள் கியர்பொக்சின் முன்கூடான பெல் ஹவுசிங் எங்கும் நகரலாம். கம்பனியில் அதைச் சரியான இடத்தில் நிறுத்துவது இரண்டு சிறு உருளை ஊசிகள். டவல் என்பார்கள். கழற்றிய எஞ்சினில் துருப்பிடித்து ஒட்டியிருக்கும் அந்த ஊசிகளைத் தட்டி எறிந்துவிட்டு, துளைகளை எல்லாம் கொஞ்சம் பெரிதாக்கி 'பொருத்திவிட்டேன்' என்கிற பட்டறைகளும் உண்டு. வன்னியில் மட்டுமல்ல, உலகம் முழுவதும்.

அனுபவமுள்ள மெக்கானிக் என்ன செய்வார்? நிசான் எஞ்சினோடு நிசான் கியர்பொக்சையும் சேர்த்தே தூக்கிவருவார். மைனரின் கியர்பொக்சைக் கழற்றிச் சும்மா வைத்துவிடுவார். முடி அளவு துல்லியம் கேட்கும் இடத்தில் கம்பனி போட்ட இணைப்பு அப்படியே இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. பொருத்தமின்மை ஒழியவில்லை, பின்னுக்குப் போயிருக்கிறது: கியர்பொக்சின் வால் வேறு இடத்தில் முடிகிறது, கியர் தடி தரையில் வேறு இடத்தில் முளைக்கிறது, பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் தண்டின் நீளம் போதவில்லை அல்லது கூடிவிட்டது. ஆனால் இவையெல்லாம் பிழை பொறுக்கும் இடங்கள். தாங்கியை வெட்டி ஒட்டலாம், தரைத் தகட்டைத் திறந்து மூடலாம். தண்டின் முன்முனை நிசானிலிருந்தும் பின்முனை மைனரிலிருந்தும் எடுத்து, நடுக்குழாயை அளவாக வெட்டி, லேத்தில் இரு மையத்துக்கிடையே பிடித்து ஒட்டலாம். யுனிவர்சல் ஜொயின்ற் பாகைக் கணக்கில் கோணம் பொறுக்கும். லான்ட்மாஸ்டரில் பெல்ட் செய்ததை இங்கே அந்தச் சிலுவைத் துண்டுதான் செய்கிறது.

பொறுக்கும் என்பதற்கும் எல்லை உண்டு. யுனிவர்சல் ஜொயின்ற் கோணத்தில் சுற்றும்போது உள்ளே சீராகப் போகும் வேகம் வெளியே சீராக வருவதில்லை. ஒரு சுற்றில் இருமுறை கூடிக் குறையும். 5 பாகையில் அந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை, 15 பாகையில் மூன்றரைப் பங்கு. முன் ஜொயின்ற் செய்யும் குளறுபடியைப் பின் ஜொயின்ற் அழிக்க வேண்டுமானால் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். குழாயை ஒட்டும்போது கவை கொஞ்சம் திரும்பிவிட்டால் குறிப்பிட்ட வேகத்தில் கார் முழுவதும் அதிரும். சில்லு பலன்ஸ் பார்த்தும் அது போகாது.

சில வேளை தப்ப வழியில்லை. வானின் கியர்பொக்ஸ் ஒன்று இருக்கிறது, அதற்குரிய எஞ்சின் இல்லை. கிடைத்ததோ வேறு கம்பனி டீசல் எஞ்சின். அப்போது நடுவே ஒரு தகடு, 'அடாப்டர் பிளேட்', போட்டே ஆகவேண்டும். அதன் ஒரு முகத்தில் எஞ்சினின் துளைகள், மறுமுகத்தில் கியர்பொக்சின் துளைகள். துளை போடுவது சின்ன வேலை, மையம் பிடிப்பதுதான் பெரிய வேலை. டயல் கேஜை பிளைவீலில் காந்தத்தால் நிறுத்தி, அதன் முள்ளை பெல் ஹவுசிங்கின் நடுத்துவாரத்தின் உள்விளிம்பில் தொடவைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். முள் மொத்தம் 0.4 மில்லிமீற்றர் நகர்ந்தால் மைய விலகல் அதில் பாதி, 0.2. தட்டி நகர்த்தி, மறுபடி சுற்றிப் பார்த்து, சரியான இடத்தில் நின்றபின்தான் டவலுக்குத் துளை போட வேண்டும். கேஜ் இல்லாத பட்டறையில் கியர்பொக்ஸ் தண்டையே வழிகாட்டியாக வைத்துப் பிடிப்பார்கள். அது கண்மதிப்பு, சில கைகளுக்கு அது வியக்கத்தக்க அளவுக்குச் சரிவரும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தகட்டின் தடிப்பும் விளையாட்டல்ல. மெல்லியதானால் தண்டின் மூக்கு கிராங்கின் குழியில் முட்டி, கிராங்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் திரஸ்ற் பெயாரிங் சத்தமில்லாமல் தேய்ந்துபோகும். தடித்தால் மூக்கு புஷ்ஷை எட்டாது. கிளச் தட்டு இரண்டு வீட்டுக்கும் பொதுவான உறுப்பு: வெளிவட்டம் எஞ்சினின் பிளைவீலுக்கு அளவாக, நடுவில் உள்ள வரிப்பற்கள் கியர்பொக்ஸ் தண்டின் எண்ணிக்கைக்கும் பருமனுக்கும் அளவாக இருக்க வேண்டும். ஒரே தட்டில் இரண்டும் கிடைக்காவிட்டால் ஒன்றின் நடுவையும் மற்றதன் வட்டத்தையும் ரிவெற் அடித்துச் சேர்ப்பார்கள். டீசலுக்கு அந்தத் தட்டில் இருக்கும் சுருள்வில்களும் முக்கியம். நாலு சிலிண்டர் டீசல் 800 சுற்றில் நின்று உறுமும்போது நொடிக்கு ஏறத்தாழ 27 அடி அந்தத் தட்டில் விழுகிறது. பெற்றோல் காரின் வில்லுக்கு அந்த அடி பழக்கமில்லை.

எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலானவை வலஞ்சுழி. பழைய ஹொண்டாக்கள் பல இடஞ்சுழி. கவனிக்காமல் பூட்டினால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக நாலு கியரும் உள்ள கார் கிடைக்கும்.

இனி விகிதம். மையம் சரி, நீளம் சரி, ஆனாலும் எஞ்சினும் கியர்பொக்சும் ஒத்துவராமல் போகலாம். மைனரின் பின் அச்சில் காலத்துக்கொரு விகிதம் போட்டார்கள்: 803 சிசி எஞ்சினுக்கு 5.375, 948க்கு 4.55, 1,098க்கு 4.22. எஞ்சின் வலுக்க வலுக்க எண் குறைகிறது. இதை வேகமாக மாற்றினால், கடைசிக் கியரில் எஞ்சின் 1,000 சுற்றுக்கு மணிக்கு சுமார் 20.5, 24.5, 26.5 கிலோமீற்றர். இப்போது 2,500 சுற்றில் நிம்மதியாக இருக்கும் ஒரு டீசல் எஞ்சினை 803இன் அச்சோடு சேர்த்தால் கார் மணிக்கு 51 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குமேல் மிதித்தால் அலறும். கிரவல் வீதியும் குளக்கட்டும் குழியும் மட்டும் இருந்த காலத்தில் இதை யாரும் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். போருக்குப் பின் ஏ9 காப்பெற் வீதியாகிவிட்டது, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை பின்னால் வரும் பஸ் கோன் அடித்துக்கொண்டே வரும்.

மறுபக்கம் வலு. 948 சிசி எஞ்சினின் முறுக்குவிசை உச்சத்தில் சுமார் 68 நியூற்றன் மீற்றர். முதல் கியர் 3.63 மடங்கு, அச்சு 4.55 மடங்கு, பின் அச்சுக்குப் போய்ச்சேர்வது 1,100க்குக் கொஞ்சம் மேல். 120 நியூற்றன் மீற்றர் தரும் இரண்டு லீற்றர் டீசலை அதே கியர்பொக்சுக்கும் அச்சுக்கும் முன்னால் கட்டினால் அது கிட்டத்தட்ட 2,000. மைனரின் மெல்லிய அரைத்தண்டுகளை யாரும் இதற்காகக் கணக்குப்போட்டுச் செய்யவில்லை. சேற்றில் புதைந்த சில்லை உதறி எடுக்கும் ஒரு கணத்தில் அது முறியும். பிரேக்கும் பழைய ட்ரம் பிரேக்தான். எஞ்சின் மாற்றப் பணம் ஒதுக்குகிற பலர் பிரேக்குக்கு ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் குறை. எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற ஒன்று என்பதால், மாற்றியதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்வதும் வேலையின் ஒரு பகுதி.

எல்லாம் பூட்டியாயிற்று என்றால் வீதியில் ஏற்றுமுன் நின்ற இடத்திலேயே கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூற்றலில் வைத்து, கிளச்சிலிருந்து காலை எடுங்கள். இப்போது கேட்கும் உறுமல் மிதித்தவுடன் நின்றால், கியர்பொக்சின் முன் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால்தான் சத்தம் தொடங்குகிறது என்றால் கிளச்சின் ரிலீஸ் பெயாரிங். கிளச்சை முழுதாக மிதித்து முதல் கியரும் போட்டு, கார் அசையாமல் நிற்கும்போது கீச்சென்ற சத்தம் புதிதாக எழுந்தால், தண்டு நின்றுவிட்டது, கிராங் சுற்றிக்கொண்டிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உரசுவது அந்தச் சிறு வெண்கலப் புஷ். மையம் பிசகியிருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்க, எஞ்சினைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டியதுதான்.